கூச்சம் கழிப்பு

விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போகிறவர்கள் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவருக்குத் துணி பிடித்திருக்க வேண்டும், இன்னொருவருக்குப் பிடிக்கவே கூடாது. பிடித்தவர் துணியைத் தடவிக்கொண்டு நிற்க, பிடிக்காதவர் அவர் கையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். கடைக்காரர் இழுக்கிறவரைப் பார்த்துத்தான் விலையை இறக்குவார். எங்கள் வீட்டில் தடவுகிறவர் என் அப்பா, அதாவது அத்தா; இழுக்கிறவள் நான். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே இந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். "வாங்கத்தா, நல்லால்ல" என்று நான் மூக்கைச் சுளித்தால், செல்லூர்த் தறிக்காரர்களே தங்கள் துண்டை ஒரு தடவை சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அத்தா முஜிபுர் ரஹ்மான், லுங்கியும் துண்டும் மொத்த வியாபாரம். நான் ஷைமா, அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாமாண்டு. "வீட்டுல சும்மா கத்துக்கிட்டதை அங்க காசு கட்டிக் கத்துக்கிறா" என்று அத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

கல்லூரியில் சேர்ந்த அன்று, ராகிங் செய்ய மாட்டேன் என்று நான் ஒரு உறுதிமொழியும், என் பிள்ளை செய்யாது என்று அத்தா ஒரு உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தோம். ராகிங் தண்டனைக்குரிய குற்றம் என்று வாசலில் பெரிய பலகை இருக்கிறது. புகார் செய்ய வேண்டிய எண்ணும் அதில் உண்டு. அந்த எண்ணின் மேல் 'அரிதாரம்' நாடகக் குழுவின் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள்.

கடைகடையாக நடித்துப் பழகியவள் என்பதால் நான் அரிதாரத்தில் சேர்ந்தேன். எஸ்தர் சேர்ந்த காரணம் வேறு. எஸ்தர் என் வகுப்பு, பசுமலைப் பெண். அவளுக்குத் திக்குவாய். ஆனால் வேறொருத்தியின் வசனத்தைக் கொடுத்தால் தடங்கலே இல்லாமல் பேசுவாள். "சொ... சொந்தப் பேச்சுலதான்டி முள்ளு இருக்கு, இரவல் பேச்சுல இல்ல" என்று அவளே சிரிப்பாள்.

அரிதாரத்தில் ராகிங் கிடையாது. அங்கே அதற்குப் பெயர் கூச்சம் கழிப்பு. புதிதாகச் சேர்ந்தவர்களின் மேடைக் கூச்சத்தைக் கழிக்கிறார்களாம். குழுத் தலைவி சரண்யாதேவி மூன்றாமாண்டு. எங்களை அவள் ஒரு சனிக்கிழமை பகலில் செல்லூருக்கு அழைத்துப் போனாள். அவள் அப்பாவின் பழைய விசைத்தறிக் கொட்டகை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்ததால், உள்ளே யார் கத்தினாலும் சந்துக்குக் கேட்காது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவளுக்கு நல்ல வியாபார மூளை என்று அப்போதே நினைத்தேன்.

"இது காலேஜ் இல்ல, அதனால இது ராகிங்கும் இல்ல. இது பயிற்சி. புரிஞ்சுதா?" என்றாள் சரண்யாதேவி.

எஸ்தரை நடுவில் நிறுத்தினார்கள். வசனம் கொடுக்கவில்லை. உன் பேர், ஊர், அப்பா பேர், அம்மா பேர், சொந்தக் குரலில் சொல் என்றார்கள். பக்கத்தில் ஒரு வாளி. நூலுக்குப் போடுகிற கஞ்சியில், மேடை அட்டை ஒட்டுகிற பசையைக் கலந்து வைத்திருந்தார்கள். எஸ்தர் திக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு குவளை அவள் மேல் ஊற்றுவார்கள், சுற்றி நிற்கிற நாங்கள் சத்தமாகச் சிரிக்க வேண்டும், ஒருத்தி செல்போனில் படம் எடுப்பாள். பயிற்சி அவ்வளவுதான்.

"எ... எ..." என்று எஸ்தர் தன் பேரிலேயே நின்றாள். குவளை சரிந்தது. தோளும் முதுகும் நனைந்தன.

"விடுங்கக்கா, போதும்" என்றேன்.

"வக்கீலம்மா வந்துட்டாகடி. தலையோட ஊத்து, அபிஷேகம் பண்ணு" என்றாள் சரண்யாதேவி. மீதி வாளி என் தலையில் கவிழ்ந்தது.

காஜிமார் தெருவில் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது என் முடி பலகையாகியிருந்தது. பேரைச் சொன்னாலே தெரு பயப்படும் என் அம்மா ஆரிபா, எண்ணெயும் வெந்நீரும் ஊற்றிப் பார்த்து, முடியாமல் அத்தாவுக்கு ஆள் அனுப்பினார். கடையிலிருந்து அத்தா துணி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தார். முழுப் பீஸை ஒரே இழுப்பில் நூல் பிசகாமல் வெட்டுகிறவர், என் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி வெட்டினார்.

"யாரு மக அவ?"

"செல்லூர் ஜெயபாண்டி மகளாம்."

கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடி வெட்டியது. அந்த இடைவெளியைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். ஜெயபாண்டியின் தறித்துண்டுகள் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் கடையில் அடுக்கியிருக்கின்றன. கூட இருந்தவனே இப்படிப் பிள்ளை வளர்த்திருக்கிறானே என்ற கோபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எழுதிக் குடும்மா. நான் நிக்கிறேன்" என்றார்.

"இது விலை சொல்ற சரக்கு இல்லத்தா."

"அல்லாஹ் மேல ஆணையா, இல்ல."

நானும் எஸ்தரும் சேர்ந்து புகார் கொடுத்தோம். நாங்கள் கேட்டது ஒன்றுதான். இரண்டாம் பருவத்துக்கு அரிதாரம் மறுபடி ஆள் சேர்க்கப் போகிறது. அந்தப் பிள்ளைகளை இவர்கள் கொட்டகைக்குக் கூட்டிப்போகாமல் நிறுத்துங்கள். கல்லூரிக்கு வெளியே நடந்தாலும் ராகிங்தான் என்று விதியில் இருப்பதைப் படித்துப் பார்த்து அதையும் எழுதினேன். அவர்கள் செல்போனில் எடுத்த வீடியோதான் எங்கள் ஆதாரம். கல்லூரியின் ராகிங் விசாரணைக் கமிட்டி கேட்டால் அதை அவர்கள் கொடுத்தாக வேண்டும்.

பொங்கல் லீவு முடிந்ததும் முதல்வர் அழைத்தார். அத்தாவும் நானும் போனோம். முதல்வர் தனிஸ்லாஸ் சார் நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று நினைப்பவர், கெடுதல் செய்தவர்களுக்கும் சேர்த்து.

உட்கார்ந்ததும் பியூன் டீ கொண்டுவந்தார். தட்டில் மூன்று டம்ளர். ஒன்றைத் தனியாக எடுத்து அத்தா முன்னால் வைத்து, "சார், சீனி போடலை" என்றார்.

அத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. அது எங்கள் தெருவுக்குத் தெரியும், கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். இந்தக் கல்லூரிப் பியூனுக்கு எப்படித் தெரியும்? சேர்க்கைக்கு வந்த அன்று இங்கே தண்ணீர்கூடத் தரவில்லை. நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் டீயைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இங்க வந்தீங்களாத்தா?"

"குடி, ஆறிடும்" என்றார்.

தனிஸ்லாஸ் சார் தொண்டையைச் செருமினார். "பாப்பா, உங்க வருத்தம் நியாயம்தான். அந்தப் பொண்ணு எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேப்பா. கோயம்புத்தூர்ப் போட்டி நாடகத்துல உனக்குத்தான் முக்கிய வேஷம். அப்புறம் அந்த வீடியோ. அதையும் அழிச்சாச்சு, உங்க அப்பா கண்ணு முன்னாடியே. இனி யாருகிட்டயும் போகாது."

"எங்க கேஸுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான் சார்."

"மானத்துக்கு முன்னாடி சாட்சி என்னம்மா" என்றார் அத்தா. குரலில் பெருமை. "நான்தான் முதல்ல அதை அழிக்கச் சொன்னேன். வெளிய போயிருந்தா?"

நெல் மூட்டையில் எலி இருக்கிறதென்று மூட்டையோடு கொளுத்தியவர், எலி செத்துவிட்டது என்று சந்தோஷப்படுவது மாதிரி இருந்தது. என் மானத்துக்குத்தான் செய்திருக்கிறார், மறுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்திருக்கிறார்.

தனிஸ்லாஸ் சார் ஒரு தாளை நகர்த்தினார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று டைப் செய்திருந்தது. "நீ மேஜர். உன் கையெழுத்துதான் வேணும்."

"போட மாட்டேன் சார்."

அத்தா சிரித்தார். கடையில் சிரிக்கிற சிரிப்பு. தனிஸ்லாஸ் சாரைப் பார்த்து, பாத்தீங்களா என்பதுபோலக் கையை விரித்தார்.

"சரி, இன்டர்னல் மார்க் விஷயத்துல உனக்கு எந்தப் பிரச்சினையும் வராம நான் பாத்துக்கிறேன்" என்றார் முதல்வர்.

"மார்க் கேக்கலை சார். கொட்டகையை நிறுத்தச் சொல்றேன்."

"அடுத்த வருஷம் துணைத் தலைவி போஸ்ட்..."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மூக்கைச் சுளிக்கச் சுளிக்க விலை ஏறிக்கொண்டிருந்தது. அத்தா தடவுகிறார், நான் இழுக்கிறேன். அவர் என்னை அழைத்து வந்ததே அதற்குத்தான். என் நிஜமான கோபத்தை, துண்டுக்கடையில் இத்தனை வருஷம் நான் காட்டிய பொய்க்கோபத்தின் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டார். வேண்டாம் என்பதற்கு இந்த அறையில் இன்னும் கொஞ்சம் கொடு என்றுதான் அர்த்தம். எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதற்கு ஒரு விலை சொல்வார்கள்.

எழுந்து வெளியே நடந்தேன். அத்தா பின்னாலேயே வந்து காதருகில் சொன்னார்: "சரியான நேரத்துல எந்திரிச்ச. திரும்பிப் பாக்காத. கூப்புடுவாக."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோ ஏறி, மாறி, பசுமலையில் எஸ்தர் வீட்டில் போய் இறங்கினேன். புகாரில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. வீடியோ போனாலும் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எஸ்தரின் அம்மா ஜோசபின் டீச்சர் கதவைத் திறந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மேசையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம் இருந்தது. பையில் எங்கள் கடைப் பெயர்.

"எங்கத்தா வந்தாரா?"

"கா... காலைல" என்றாள் எஸ்தர். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "நீ வா... வாபஸ் வாங்கிட்டேன்னு சொன்னாரு. நான் மட்டும் தனியா நின்னா ந... நல்லாருக்காதுன்னாரு. அதான் நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நான் போடலைடி. இப்பத்தான் போட மாட்டேன்னு சொல்லிட்டு வாரேன்."

எஸ்தர் அம்மாவைப் பார்த்தாள். ஜோசபின் டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் நாற்பது பிள்ளைகளில் பொய் சொல்கிறவளைத் தேடும் கண்ணோடு பார்த்தார்.

"வயசுல பெரியவர், தாடியும் தொப்பியுமா வந்து உக்காந்து சொல்றாரு. நம்பாம இருக்க முடியுமா? ஒண்ணு உங்கப்பா பொய் சொல்லணும், இல்ல நீ சொல்லணும். எங்களுக்கு எதுவும் வேணாம்மா. இவளைப் படிக்க விடுங்க."

இரண்டு வியாபாரிகளிடம் ஒரே சரக்கைக் கேட்டால், ஒவ்வொருவரிடமும் 'அடுத்த கடைக்காரர் இறங்கிட்டாரு' என்று சொல்வது எங்கள் தெருவில் பொய் இல்லை, பழக்கம். இரண்டு பேருமே அதை நம்ப மாட்டார்கள். அதனால் யாருக்கும் பாவமும் இல்லை. அப்படி ஒரு பழக்கம் இருப்பது தெரியாமல் பசுமலையில் ஒரு கணக்கு டீச்சர் நம்பிவிட்டார்.

வாசல்வரை வந்த எஸ்தர், "நான் கூட நெ... நெனச்சேன்டி, நீ என்கிட்ட சொல்லாம போட மாட்டேன்னு" என்றாள். அப்புறம், "ஆனா நம்பிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. ஜெயபாண்டி தறிக் குறி போட்ட துணிப் பேல்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தா ஒரு பேலின் மேல் உட்கார்ந்து சீனி போடாத டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கூப்புட்டாகளா?" என்றார்.

"ரம்ஜான் சரக்கா அத்தா?"

"ஆமா. இந்த வருசம் மதுரைக்குள்ள இந்த டிசைன் நமக்கு மட்டும்தான். அவனா வந்து குடுத்தான். கூடப் பொறந்தவன் மாதிரி, மகளுக்காகக் கண்ணீர் விட்டுட்டான். என்ன செய்யச் சொல்ற?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இதுக்காகன்னு நெனக்காத. உனக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும். கேஸு போட்ட பொண்ணுன்னு பேரு வேணுமா? எல்லாருக்கும் லாபம்மா இது."

"எஸ்தருக்கு?"

"அந்தப் புள்ளைக்கும்தான். வீடியோ போச்சுல்ல?"

"நான் கையெழுத்துப் போடலை. போடாட்டா கமிட்டி கூடியே ஆகணும். நாளைக்கு விசாரணை. சாட்சி யாருன்னு காலேஜ்லேர்ந்து போன்ல கேட்டாங்க, உங்க பேரைச் சொல்லிட்டேன். என் முடியை வெட்டுனது நீங்கதான். அதுல என்ன ஒட்டியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும். ஜெயபாண்டியைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம்."

அத்தா டம்ளரைக் கீழே வைத்தார். என் அறிவுக்கு எட்டியவரை, பதிலுக்கு ஒரு விலை சொல்லாமல் அவர் இருந்தது அதுதான் முதல் தடவை. "சரி, வாரேன்" என்றார்.

நம்பினேன். ஊரையெல்லாம் பேரத்தில் மடக்குகிறவள் வீட்டுக்குள் மட்டும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். கொட்டகையில் கூட நின்ற பிள்ளைகள் வாய் திறக்கப் பயந்தார்கள், அம்மா சபையில் பேச வரமாட்டேன் என்றுவிட்டார். அத்தாவைத் தவிர வேறு சாட்சி இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மறுநாள் வெள்ளைச் சட்டையில் வந்தார். கமிட்டியில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சரண்யாதேவி எழுந்து, அது மேடைப் பயிற்சி, எல்லாரும் விருப்பத்தோடுதான் வந்தார்கள், கஞ்சி தவறிக் கொட்டிவிட்டது என்றாள். எஸ்தர் வரவில்லை. தலைமையில் இருந்த மேடம் அத்தாவைப் பார்த்தார்.

"பாய், அன்னைக்கு உங்க பொண்ணு எந்த நெலமையில வீட்டுக்கு வந்துச்சு?"

"எப்பவும் போலத்தான் வந்துச்சும்மா."

"முடியை நீங்கதான் வெட்டுனீங்களாமே?"

"ஆமாம்மா." என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேன் தொல்லை. அவ அம்மாதான் வெட்டச் சொன்னா."

சரண்யாதேவியே திடுக்கிட்டுப் பார்த்தாள். இவ்வளவு உறுதியான சரக்கு அவள் எதிர்பார்க்காதது. காப்பாற்றினால் போதும் என்று வந்தவளுக்கு, கூடவே என் தலையில் பேனும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் அத்தா.

மேடம் என்னிடம், "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார்.

"நான் சொன்னது சொன்னதுதான் மேடம். இவரை மட்டும் என் சாட்சியிலேர்ந்து எடுத்துடுங்க."

தீர்ப்பு மதியத்துக்குள் வந்துவிட்டது. எச்சரிக்கை. இனிமேல் பயிற்சிக்கு ஓர் ஆசிரியர் உடன் இருந்தால் நல்லது. இருக்க வேண்டும் என்றில்லை, இருந்தால் நல்லது. அரிதாரம் வழக்கம்போல ஆள் சேர்க்கலாம்.

படியிறங்கும்போது அத்தா பக்கத்தில் வந்தார். "விடும்மா. உனக்கும் கெடுதல் இல்ல, அவளுக்கும் கெடுதல் இல்ல. யாருக்கும் நட்டம் இல்லாம முடிஞ்சிருச்சு. ஏறு, வண்டியில போயிருவோம்."

ஏறவில்லை. கேன்டீன் எதிரில் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தது. அரிதாரம் சேர்க்கை. விசாரணை முடிந்த கையோடு சரண்யாதேவி அங்கே போய் உட்கார்ந்து பெயர் எழுத ஆரம்பித்திருந்தாள். முன்னால் ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலாமாண்டுப் பிள்ளைகள், சிரித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிக்கொண்டு.

நேராகப் போய் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன ஷைமா, மறுபடி சேர வந்தியா?" என்றாள் சரண்யாதேவி.

"இல்லக்கா. பக்கத்துக் கடை போட வந்தேன்."

வரிசையில் முதலில் நின்ற பெண்ணிடம் சொன்னேன். சனிக்கிழமை கூப்பிடுவார்கள், செல்லூர்க் கொட்டகை, இரண்டு பக்கமும் தறி ஓடும், கத்தினால் கேட்காது, கஞ்சியில் பசை கலந்திருக்கும், சிரிக்கச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள். குரலை ஏற்றாமல், விலைப்பட்டியல் வாசிப்பது மாதிரி சொன்னேன். அவள் போய்விட்டாள். அடுத்தவளிடம் முதலிலிருந்து சொன்னேன்.

"கம்ப்ளைன்ட் தள்ளுபடியாயிருச்சு. பொய் சொல்றா. நம்பாதீங்கப்பா" என்றாள் சரண்யாதேவி. "இவ தலையில பேனுன்னு இவ அப்பாவே சொல்லிட்டாரு."

வரிசையில் ஒருத்தி மட்டும் நகரவில்லை. ஒச்சாயி என்று பெயர் சொன்னாள், உசிலம்பட்டிப் பக்கம். ஒடிசலான பெண், கண் மட்டும் எடை போடுகிற கண்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்றீகளேக்கா. நான் யாரை நம்புறது?"

கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, முக்காட்டை அவளுக்கு மட்டும் விலக்கிக் காட்டினேன். கண்டபடி வெட்டிய முடியை அவள் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

"இது பேனுக்கு வெட்டுன மாதிரியும் இருக்கலாம்ல?" என்றாள். சந்தைக்குப் போய்ப் பழகிய பெண் போலிருக்கிறது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"இருக்கலாம்."

"வெட்டுறப்ப யாராச்சும் பாத்தாகளா?"

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், பைக்கை ஸ்டாண்ட் எடுக்காமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரைக் கையால் காட்டினேன்.

"எங்கத்தா. வெட்டுனதே அவருதான். உன் வயசுல மக இருக்கு அவருக்கு. போய்க் கேளு. அவரு பேனுன்னு சொன்னா வந்து பேரு எழுது, நான் தடுக்க மாட்டேன்."

ஒச்சாயி என்னையும் சரண்யாதேவியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள். மேசையில் பேனா நின்றுவிட்டது. தள்ளிப் போய் நின்ற பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கிட்டே போகப் போக, அத்தா சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார், மறுபடி சட்டைப் பையைத் தடவினார். சாவி வண்டியிலேயேதான் இருந்தது.

"அத்தா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஒச்சாயி.